இதயப் பிரிவு, வியாழன் மட்டும்

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருக்கிறது. வாசலில் நீல போர்டில் ‘இதயப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு டிவி, அதன் தலையில் ஒரு கேமரா, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர் கிடையாது. அந்தப் பக்கம் போனாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இதை எழுத உட்கார்ந்ததும் அந்தக் குமட்டலோடுதான். நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் செந்தாமரை. அரசு நடுநிலைப் பள்ளியில் டீச்சர். சொல்லப்போவது என் சித்தி அம்சவல்லியைப் பற்றி. அம்மாவின் தங்கை. எங்கள் தெருவுக்கே வாழ்க்கைப்பட்டு வந்ததால் நான் எங்கள் வீட்டில் சாப்பிட்டதைவிட அவள் வீட்டில் சாப்பிட்டதுதான் அதிகம். அவளுக்குப் பிள்ளை இல்லை. “எனக்குப் பொண்ணு இல்லேன்னு எவ சொன்னா? பிரசவ வலி அக்காவுக்கு, பொண்ணு எனக்கு” என்று அம்மாவையே வம்புக்கு இழுப்பாள்.

சித்தி நடவு செட்டுக்குத் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பெண்கள், யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வரும், சில வருஷம் வராமலே போகும். அதனால் தண்ணீர் வந்த அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். அம்சவல்லி வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். கெஞ்சுவார்கள். அவள் வெற்றிலையை மென்றுகொண்டு, யாருக்கு முதலில் என்று சொல்வாள். வயலில் இறங்கிவிட்டால் வாய் ஓயாது. “ஏண்டி செவ்வந்தி, நாத்து நடுறியா, நாத்துக்குப் பேரு வைக்கிறியா? கைய ஓட்டுடி” என்பாள். திட்டு வாங்கியவள்தான் முதலில் சிரிப்பாள்.

ஆனால் ஒன்று. இந்த வாயெல்லாம் எங்கள் ஆட்களிடம்தான். நிலத்துக்காரர் சந்தானகிருஷ்ணன் சென்னையில் இருக்கிறார். அவர் போன் செய்து “என்ன அம்சவல்லி, எப்படி இருக்கே?” என்று கேட்டால் சித்தி உட்கார்ந்திருந்தவள் எழுந்து நிற்பாள். “நல்லா இருக்கேங்க. வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா? புள்ளைங்க எல்லாம் சொகமா?” என்பாள். போன் இந்தப் பக்கம் இருக்கிறது, அவர் சென்னையில் இருக்கிறார், இவள் எழுந்து நிற்கிறாள். பேசி முடித்துப் போனை வைத்த பிறகுதான், “துரைக்கு நடவு முடியலேன்னு கவலை. வந்து ஒரு நாள் குனிஞ்சு பாக்கட்டும், இடுப்பு சொல்லும் சேதி” என்பாள்.

அது அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் இல்லை. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் நின்ற முறை அது. பெரியவர்கள் முன்னால் போனதும் குறையைச் சொல்லக் கூடாது. முதலில் நல்லா இருக்கேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவர்கள் வீட்டு நலம் கேட்க வேண்டும். அவர்களாகப் பார்த்து, “அப்புறம், என்ன விஷயம்?” என்று வாயைத் திறந்தால்தான் வந்த காரணத்தைச் சொல்லலாம். எடுத்த எடுப்பில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னவளைப் பண்ணையில் விரட்டியிருக்கிறார்கள். பண்ணை போய்விட்டது, அந்த நிலத்தில் பாதியை எங்கள் ஆட்களே குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். முறை மட்டும் போகவில்லை. நான் படித்து, சம்பளம் வாங்கி, எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். “மரியாத தெரியாம வளத்துட்டேன்டி உன்ன” என்று சிரித்துவிடுவாள்.

ஒரு குறுவை நடவின்போது சித்தி நாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றாள். அடுத்த நாளும் உட்கார்ந்தாள். பித்தம் என்றாள். பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். சித்தப்பா இராஜாங்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், அதிகம் பேசாதவர். அவரே என்னிடம் வந்து, “தாமர, உங்க சித்திக்கு ஒடம்பு சரியில்ல. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா” என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன டாக்டரம்மா. புதிதாக வந்தவர். ஸ்டெதாஸ்கோப்பை சித்தியின் நெஞ்சில் வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவே இல்லை. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. வந்தபோது யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை, வேப்பிலை அரைத்துப் போட்டார்கள்.

“இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு டீச்சர்” என்றார் என்னைத் தனியாக அழைத்து. “எக்கோ எடுத்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும். இப்ப சரி பண்ணிட்டா இன்னும் பல வருஷம் நல்லா இருப்பாங்க. தள்ளிப்போச்சுன்னா நுரையீரலும் கெட்டு, அப்புறம் ஆபரேஷனே பண்ண முடியாத கட்டத்துக்குப் போயிடும். தயவுசெஞ்சு விடாதீங்க.”

நான் விடவில்லை. அதை மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். சித்திக்கு ஆபரேஷன் நடந்தாக வேண்டும், அதுவும் காலம் கடக்கும் முன்னால் நடந்தாக வேண்டும். அன்றிலிருந்து என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

எக்கோ எடுக்கும் மிஷின் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அது நகரத்தில், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆபரேஷனும் அங்கேதான். ஆனால் அங்கே இலவசமாக லிஸ்டில் பெயர் ஏற வேண்டுமானால் தாலுகா ஆஸ்பத்திரி இதய டாக்டர் பார்த்து, இவருக்குத் தேவை என்று அனுப்ப வேண்டும். சரி, தாலுகா ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் எங்கே? இருக்கிறார். பெயர் ரகுராமன். பணியிடம் எங்கள் தாலுகா, சம்பளம் எங்கள் தாலுகா கணக்கில். ஆனால் அயற்பணியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறார். வீடு அங்கே, பிள்ளைகள் படிப்பது அங்கே, சாயங்கால கிளினிக் அங்கே. எங்களை வியாழக்கிழமை மட்டும் டிவியில் பார்ப்பார். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். சொன்ன ஆஸ்பத்திரி ஊழியர் சிரிக்கவில்லை. அவருக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

தண்ணீர்தான் கடைமடைக்குக் கடைசியாக வரும் என்று நினைத்திருந்தேன். டாக்டரும் அப்படித்தான். மேலே இருப்பவர்கள் வயிறு நிறைந்து மிச்சம் இருந்தால் எங்களுக்கு.

வியாழக்கிழமை காலை சித்தி கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, பளிச்சென்று நின்றாள். “டாக்டர் முன்னாடி அழுக்காவா போயி நிக்கிறது?” என்றாள். டிவியில்தான் வருவார் என்றேன். “டீவின்னா என்ன? அவருக்குக் கண்ணு தெரியாதா?” என்றாள்.

அறைக்கு வெளியே பெருங்கூட்டம். அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். மதியம் ஆகிவிட்டது. நர்ஸ் மர்யம் சித்தியின் பெயரைக் கூப்பிட்டார்.

“உக்காருங்கம்மா. டாக்டர் கேக்குறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். கூட வந்தவங்க பேசக் கூடாது, அது ரூல்” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது.

டிவியில் ஒரு முகம் வந்தது. கண்ணாடி போட்ட முகம். கண்கள் எங்களைப் பார்க்கவில்லை, வேறெதையோ படித்துக்கொண்டிருந்தன. சித்தி நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டாள்.

“உக்காருங்க உக்காருங்க. எப்படிம்மா இருக்கீங்க?” என்றது டிவி.

“நல்லா இருக்கேங்க. ஐயா நல்லா இருக்கீங்களா?”

நான் பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தினேன்.

“மூச்சு வாங்குதா?”

“அது கெடக்குதுங்க, பரவால்லீங்க.”

“வேலைக்கெல்லாம் போறீங்களா?”

“போறேங்க. போவாம எப்புடிங்க?”

போனாள்தான். வரப்பில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல், வாயால் மட்டும் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். தலைவி வேலைக்குப் போகவில்லை என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? செட்டுக்கே அவமானம் இல்லையா?

“சரிம்மா. குடுத்த மாத்திரையே போடுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்.”

நான் பாய்ந்து கேமராவுக்கு முன்னால் போனேன். “சார், அவங்களால படுக்க முடியல சார். உக்காந்தேதான் தூங்குறாங்க. டாக்டரம்மா வால்வுன்னு எழுதியிருக்காங்க, பாருங்க சார்.”

“நீங்க யாரும்மா? பேஷண்ட்டே நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. வெளிய எவ்வளவு பேரு நிக்கிறாங்க? நெக்ஸ்ட்” என்றார். திரையில் அடுத்தவர் பெயர் வந்துவிட்டது. மர்யம் கம்ப்யூட்டரில் ‘முன்னேற்றம்’ என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். ஒரு மனுஷியின் நெஞ்சைப் பார்த்த லட்சணம் இதுதான். ஒரு மாட்டைச் சந்தையில் பிடிப்பவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுற்றிவந்து பார்ப்பான்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நான் சித்தியைப் பிடித்துக் கத்தினேன். “ஏன் சித்தி அப்படிச் சொன்ன? உன்ன யாரு நலம் விசாரிக்கச் சொன்னா?”

சித்தி திகைத்துப்போனாள். “எடுத்த எடுப்புலயே ஒரு பெரிய மனுஷங்ககிட்ட அழுவாங்களாடி? அப்புறம் என்னம்மான்னு கேப்பாருன்னு இருந்தேன். அதுக்குள்ள மூஞ்சி போயிருச்சு.”

அவள்மேல் கோபம் வரவில்லை. அவளுடைய அம்மா பண்ணை வாசலில் நின்ற மாதிரியே இவள் டிவி முன்னால் நின்றாள். அந்த அறைக்கு ஆள் போட்டவர்கள், மிஷின் வாங்கியவர்கள், ரிப்பன் வெட்டியவர்கள் யாருக்கும் இப்படிப்பட்ட ஜனங்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லையே, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தால் நல்லா இருக்கேன் என்று அவள் சொல்லும்போதே உதடு நீலம் பாரித்திருப்பது தெரிந்திருக்கும். அவள் நடந்து வந்து நாற்காலியில் உட்காரும் அழகைப் பார்த்தாலே போதும். டிவியில் பூவும் புடவையும்தான் தெரிந்தது.

அடுத்த வியாழனே மறுபடி போனோம். ‘முன்னேற்றம்’ என்று போட்டவர்களை ஆறு மாதத்துக்குக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாதாம். மர்யம் தட்டித் தட்டிப் பார்த்தார். “எனக்கு ஓப்பன் ஆக மாட்டேங்குது டீச்சர். மேல இருக்குறவங்கதான் எடுக்கணும்” என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

கிளம்பி நகரத்துக்கே போனோம். பஸ்ஸில் சித்தி ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் கவுன்ட்டர்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “நீங்க கீழேருந்து ரெஃபர் ஆகி வரணும். நேரா வந்தா மாத்திரைதான், லிஸ்ட் கெடையாது” என்றார். எங்கள் டாக்டர் இங்கேதானே இருக்கிறார், அவரையே பார்த்துவிடுகிறோம் என்றேன். “இங்க அவரு இந்த ஊரு பேஷண்ட்டத்தான் பாப்பாரு. உங்க ஊர வியாழக்கிழம பாப்பாரு” என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே ரகுராமன் அந்த வராந்தாவில் நடந்து வந்தார். சித்திதான் முதலில் அடையாளம் கண்டாள். கையைச் சுவரில் ஊன்றி எழுந்து கும்பிட்டாள். அவரும் பதிலுக்குத் தலையாட்டினார், நல்ல மனிதர்போல் சிரிக்கவும் செய்தார். நான் “சார், சார்” என்று பின்னாலேயே ஓடினேன். “வியாழக்கிழம வாங்கம்மா” என்று நடந்துகொண்டே சொன்னார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் வாசல், உள்ளே எக்கோ மிஷின். எங்களைத் திரும்ப இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், டிவியில் அவரைப் பார்க்கச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை. சோற்றில் புழுவைப் பார்த்தால் வருமே, அது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் சித்தி பெயரில் மனு கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக்கொண்டு, என் கையெழுத்தில், எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். பதில் போனுக்கு வந்தது. மனுதாரரின் உடல்நிலையில் முன்னேற்றம் உள்ளதாகச் சம்பந்தப்பட்ட மருத்துவமனை தெரிவித்திருப்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறது. சம்பந்தப்பட்ட மருத்துவமனையைப் பற்றித்தான் மனுவே. அதனிடமே கேட்டிருக்கிறார்கள். த்தூ.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று படித்தவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டோம். சித்தப்பா அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

இதற்கிடையில் சித்தியைத் தேற்றிப் பழக்கினேன். தினம் சாயங்காலம் என் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்து நான் டாக்டராக நடிப்பேன். “எப்படிம்மா இருக்கீங்க?” என்பேன். “மோசமா இருக்கேங்க” என்று சொல்ல வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் இருமல் வந்துவிடும். “வெக்கமா இருக்குடி. பிச்சை எடுக்குற மாதிரி இருக்கு” என்பாள். இருந்தும் கற்றுக்கொண்டாள். மூச்சு, படுக்க முடியாதது, கால் வீக்கம் என்று வரிசையாகச் சொல்லப் பழகிவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்து வந்த முதல் வியாழனில் நெட் இல்லை. இரண்டாவது வியாழன் டாக்டர் மாநாட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் அந்த டிவியே பழுதாகி, ரிப்பேருக்கு மேலே எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில், வாரம் வாரம் சித்தி அதே அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பூ வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது, கால் மட்டும் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. செட்டை செவ்வந்தியிடம் ஒப்படைத்தாள். செவ்வந்தி அழுதாள். “அழுவாதடி, நடவு கோணிடும்” என்றாள் சித்தி.

அடுத்த வருஷம் ஐப்பசி அடைமழை. தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. சித்தி வீட்டில்தான் இருந்தாள். முற்பகலில் அவளுக்கு நுரை நுரையாகச் சளி தள்ளியது, லேசாகச் சிவந்திருந்தது. சித்தப்பா என் பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள், உடனே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரெஃபர் சீட்டு எழுத அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிவி வேண்டியிருக்கவில்லை, வியாழக்கிழமை வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் செவ்வாய். உயிர் போகிற நிலைக்கு வந்துவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும் என்று எங்களுக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை.

எக்கோ எடுத்தார்கள். இரண்டு நாள் ஊசி போட்டு மூச்சைக் கொஞ்சம் அடக்கினார்கள். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் ரகுராமன் வந்தார். பின்னால் மாணவர்கள், ஒரு நர்ஸ். டிவியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். ரிப்போர்ட்டைப் படித்தார். முதல் முறையாக சித்தியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கழுத்து நரம்பைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தான்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “வால்வு ரொம்பச் சுருங்கிப்போச்சு. நுரையீரல் பிரஷர் ஏறி, வலது பக்க இதயமும் வீங்கிடுச்சு. இப்ப ஆபரேஷன் பண்ணா டேபிள்லேருந்து எழுந்திரிக்க மாட்டாங்க. மாத்திரை எழுதித் தர்றேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்குங்க” என்றார். சித்தப்பா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. மாணவர்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். “இதுதாங்க நம்ம கிராமத்து ஜனங்க. எல்லாம் முத்தினப்புறம்தான் வர்றது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இது ஒரு சின்ன விஷயம். ஏம்மா, நீங்க டீச்சர்னு போட்டிருக்கு. படிச்சவங்க கூட இருந்தும் இவ்வளவு அலட்சியமா? இத்தன நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

அவருக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. தெரியாததுபோல் நடிக்கவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை.  பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையால் முகத்திலிருந்த மாஸ்க்கைத் தானே கழற்றினாள். கும்பிடவில்லை. நலம் கேட்கவில்லை. எங்கள் நடவு செட்டு அத்தனை பேருக்கும் தெரிந்த குரல், காற்று இல்லாமல், மெதுவாக வந்தது.

“நாங்க வந்தோம். வாரா வாரம் வந்தோம். நீங்கதான் வரல.”

மாணவர்களில் ஒரு பெண் குனிந்து தரையைப் பார்த்தாள்.  டாக்டர் நர்ஸிடம், “மாஸ்க்கைப் போட்டு விடுங்க, பேச விடாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.